உரையாடலும் மொழிப் பயிற்சியும்

மொழி கற்றல் என்றவுடன் இலக்கண நூலும் அகராதியும் கரும்பலகையுமே பெரும்பாலோர் உள்ளத்தில் தோன்றும். அவை மொழிக் கல்விக்கு நல்ல துணைகள் என்பதில் ஐயமில்லை. எனினும், தாயின் மடியில் அமர்ந்து மழலை பேசும் குழந்தை அகராதியைப் புரட்டுவதில்லை. வாழ்வு தேடி வேற்று நாடு சென்ற தொழிலாளர் எத்தனையோ பேர், பள்ளியின் வாயிலை மிதியாமலே அந்நாட்டு மொழியைப் பேசி, பொருள் வாங்கி, பணி செய்து, வாழ்க்கை நடத்துகின்றனர். இவர்களுக்கு ஆசிரியர் யார்? பாடநூல் யாது? கடைவீதியில் எழும் பேச்சும், உடன் உழைப்போர் சொல்லும் சொல்லும், அண்டை வீட்டார் கேட்கும் நலமுமே இவர்களுக்குப் பாடம். ஆகவே, மனிதர் இரண்டாவது மொழியொன்றை எவ்வாறு கற்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர், மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும். இதனை உணர்ந்த அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உரையாடலையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டனர்.

பேச்சை ஆராய்வது எளிதன்று. எழுத்து நிலைத்து நிற்கும். பேச்சோ பிறந்த கணத்திலேயே காற்றோடு கலந்துவிடும். நேற்று நடந்த உரையாடலை நினைவிலிருந்து எழுதச் சொன்னால், அதன் கருத்தை எழுதலாமேயன்றி, இடையில் நேர்ந்த தயக்கத்தையும், பாதியில் விட்ட சொல்லையும், குரலின் ஏற்றத் தாழ்வையும் ஒருவராலும் எழுத இயலாது. ஒலிப்பதிவுக் கருவி பரவிய பின்னரே இக்குறை நீங்கிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆசிரியராக விளங்கிய ஹார்வி சாக்ஸ் (1935–1975) என்னும் சமூகவியல் அறிஞர், துயருற்றோர்க்கு உதவும் நிலையம் ஒன்றிற்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளை 1960களில் மீண்டும் மீண்டும் கேட்டு ஆராய்ந்தார். அன்றாடப் பேச்சில் ஒழுங்கு இல்லை என்றே அந்நாளில் பலர் எண்ணியிருந்தனர். சாக்ஸோ, சிறு சொல்லிலும் சிறு மௌனத்திலும்கூட ஓர் ஒழுங்கு உண்டு என்று கண்டார். அவருடன் பணியாற்றிய கெயில் ஜெஃபர்சன் என்னும் அம்மையார், பேச்சை உள்ளவாறே எழுதிக் காட்டுதற்கு ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். பேச்சின் இடையே விழும் இடைவெளியை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து எழுதுவதும், இருவர் ஒருங்கே பேசிய இடத்தைக் குறியிட்டுக் காட்டுவதும், மூச்சிழுக்கும் ஒலியைக் குறிப்பதும் அம்முறையின் கூறுகளாம்.

1974ஆம் ஆண்டில் சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டனர். உரையாடலில் பேசும் முறை ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு எவ்வாறு மாறுகிறது என்பதே அதன் பொருள். தலைமை தாங்குவார் ஒருவரும் இல்லாதபோதும், பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசுகிறார். ஒருவர் முடிக்கும் தறுவாயில் மற்றவர் தொடங்குகிறார். இவ்விரண்டிற்கும் இடையே விழும் இடைவெளி மிகச் சிறிது. இவ்விடைவெளி எவ்வளவு என்பதைப் பிற்காலத்தார் அளந்தனர். ஜப்பானியம், டேனிஷ், லாவோ முதலிய பத்து மொழிகளில், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை கூறத்தக்க வினாக்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, வினாவிற்கும் விடைக்கும் இடையே கழியும் நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கேயாம். மொழிக்கு மொழி சிறிது வேறுபாடு உண்டாயினும், அவ்வேறுபாடு ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே.

இதில் வியப்பூட்டும் செய்தி ஒன்று அடங்கியுள்ளது. ஒரு படத்தைக் கண்டு அதன் பெயரைச் சொல்லுதற்கே மனிதர்க்கு அரை நொடிக்கு மேல் ஆகின்றது. அவ்வாறிருக்க, ஐந்தில் ஒரு பங்கு நொடியில் விடை பிறப்பது எங்ஙனம்? எதிரில் உள்ளவர் பேசி முடிக்கும் முன்னரே, அவர் எதைச் சொல்லி எங்கே முடிப்பார் என்று கேட்பவர் உய்த்துணர்ந்து, தம் விடையை உள்ளத்தில் உருவாக்கத் தொடங்கிவிடுகிறார். தாய்மொழியில் இது தன்னறியாமலே நிகழ்கிறது. புதிய மொழியைக் கற்பவரின் நிலையோ வேறு. அவர் சொல்லைக் கேட்க வேண்டும். பொருளை உணர வேண்டும். விடைக்குரிய சொற்களைத் தேட வேண்டும். அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். அதற்குள் மற்றொருவர் பேசத் தொடங்கிவிடுகிறார். முறை கைநழுவிப் போகிறது. சொல்லுதற்குச் செய்தி இருந்தும் சொல்ல இயலாது வாய்மூடி நிற்பவரைப் பிறர், “இவர் மந்த புத்தியினர்” என்றோ, “பேச விருப்பமில்லாதவர்” என்றோ எண்ணிவிடுகின்றனர். ஒரு நொடிக்கும் குறைந்த காலத் தாழ்வு ஒருவரது மதிப்பையே குறைத்துவிடக் கூடும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

உரையாடலில் காணப்படும் மற்றோர் ஒழுங்கு, பழுது நேர்ந்தால் அதனைச் சீர்செய்யும் முறையாகும். சொல் தவறுதலும், காதில் சரியாக விழாமற் போதலும், பொருள் மாறுபடுதலும் எல்லார் பேச்சிலும் நேர்வன. முன்கூறிய மூவரும் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், பேச்சில் பிழை நேர்ந்தால் பேசியவரே திருத்திக்கொள்ள வாய்ப்பளித்தல் மக்களின் இயல்பு என்று காட்டினர். கேட்பவர் உடனே குறுக்கிட்டுத் திருத்துவது அரிது; “என்ன?” என்று கேட்டோ, சிறிது பொறுத்திருந்தோ அவர் வழிவிடுகிறார். சீனம், ஐஸ்லாந்து மொழி, ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வழங்கும் சிவு மொழி முதலாகப் பன்னிரண்டு மொழிகளை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, “என்ன?”, “யார்?”, “நாளைக்கா சொன்னீர்?” என்பன போன்று கேட்டுத் தெளிவு பெறுதல் சராசரியாக 1.4 நிமிடத்திற்கு ஒருமுறை நிகழ்கிறது என்று கூறுகிறது. தத்தம் தாய்மொழியில் பேசுவோரே இத்துணை முறை கேட்டுத் தெளிகின்றனர் எனில், புதிய மொழியைக் கற்பவர் மீண்டும் கேட்பதற்கு நாணுவது ஏன்?

உரையாடலுக்கும் மொழிப்பேற்றுக்கும் உள்ள தொடர்பை முதலில் வற்புறுத்தியவர்களுள் எவ்லின் ஹேட்ச் என்னும் அமெரிக்க அம்மையார் ஒருவர். முதலில் இலக்கண அமைப்புகளைக் கற்று, பின்னர் அவற்றை உரையாடலில் பயன்படுத்துவதே முறை என்று அதுவரை பலரும் கருதினர். ஹேட்ச் 1978ஆம் ஆண்டில் இவ்வரிசையை மாற்றிக் கூறினார். கற்பவர் முதலில் உரையாடக் கற்கிறார். அவ்வுரையாடலிலிருந்தே இலக்கண அமைப்புகள் வளர்கின்றன என்பது அவர் கொள்கை. மைக்கேல் லாங் என்பவர் 1980களில் இக்கருத்தை மேலும் வளர்த்தார். ஒருவர் சொன்னது மற்றவர்க்கு விளங்காதபோது, சொன்னவர் அதனையே வேறு சொற்களால் கூறுகிறார், பிரித்துக் கூறுகிறார், அழுத்திக் கூறுகிறார். அவ்விடத்தில் மொழியின் உறுப்புகள் கற்பவரின் கண்முன் தனித்தனியே விளங்கித் தோன்றுகின்றன. ஆதலின் பேச்சு தடைப்படும் இடமே பாடம் தொடங்கும் இடம் எனலாம்.

இவ்வாறு உரையாடலிலிருந்து இலக்கணம் முளைப்பதற்கு ஒரு சிறுமியின் கதை நல்ல சான்றாகும். லில்லி வாங் ஃபில்மோர் என்னும் அம்மையார், கலிபோர்னியாவில், ஸ்பானிய மொழி பேசும் ஐந்து குழந்தைகளை ஆங்கிலம் பேசும் குழந்தைகளோடு விளையாட விட்டு, அவர்கள் பேச்சைப் பதிவு செய்து, 1976ஆம் ஆண்டில் தம் ஆய்வை முடித்தார். அவ்வைவருள் விரைந்து கற்றவள், நோரா என்று அவ்வாய்வில் குறிக்கப்பட்ட சிறுமி. “இவற்றை எப்படிச் செய்வது?” என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் ஒன்றை அவள் பிறரிடமிருந்து முழுமையாகப் பற்றிக்கொண்டாள். அதில் எத்தனை சொற்கள் உள என்பதை அவள் அறியாள். விளையாட்டில் சேர்வதற்கு அது திறவுகோலாயிற்று என்பதை மட்டும் அறிவாள். சில நாளில் அத்தொடரின் இறுதியில் வேறு சொற்களை ஒட்டிப் பேசினாள். பின்னர் அதன் முற்பகுதியைத் தனியே பிரித்து, அதன்பின் வெவ்வேறு வினைச்சொற்களை அமைத்தாள். இறுதியில் ‘எப்படி’ என்னும் சொல் மட்டும் தனித்து நிற்க, வேண்டிய வினாவை வேண்டியவாறு தொடுக்கும் ஆற்றல் அவளுக்கு வாய்த்தது. தோழமை வேண்டி அவள் பேசினாள். இலக்கணம் அதன்வழி வந்து சேர்ந்தது.

பெரியோர் கற்கும் முறையை அறிதற்கு ஐரோப்பாவில் ஒரு பேராய்வு நடைபெற்றது. பிரான்சு, செருமனி, பிரிட்டன், நெதர்லாந்து, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளில், 1980களில், குடியேறிய தொழிலாளர் நாற்பதின்மரின் பேச்சை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக் காலம் அறிஞர்கள் பதிவு செய்துவந்தனர். பஞ்சாபி, இத்தாலியம், துருக்கியம், அரபு, ஸ்பானியம், ஃபின்னிஷ் என்பன அவர்களின் தாய்மொழிகள். தாய்மொழி வேறு, கற்ற மொழி வேறு. எனினும் அவர்கள் அனைவரும் ஒரு பொதுநிலையைக் கடந்து சென்றனர் என்பதை வொல்ஃப்காங் கிளைன், கிளைவ் பெர்டியூ ஆகிய இருவரும் 1997ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். அந்நிலையில் வினைச்சொல் காலம் காட்டும் உறுப்புகளை ஏற்பதில்லை. ‘நேற்று’, ‘நாளை’, ‘முன்பு’ போன்ற சொற்களே காலத்தை உணர்த்துகின்றன. “நேற்று நான் வேலை போ” என்று ஒருவர் தமிழில் பேசினால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்டது அப்பேச்சு. அது சிதைந்த மொழிபோலத் தோன்றினும், தனக்கென ஒழுங்கு உடையது. செய்தியை உணர்த்த வல்லது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அந்நிலையோடு நின்றுவிட்டனர். ஏனையோர் மேலும் வளர்ந்தனர். கற்பவரின் பிழைகளும் அவர் உள்ளத்தில் உருவாகிவரும் ஒழுங்கையே காட்டும் என்று பிட் கார்டர் என்பார் 1967ஆம் ஆண்டிலேயே கூறிய கருத்துக்கு இவ்வாய்வு அரண் செய்தது.

இனி, வகுப்பறையில் நிகழும் உரையாடலை நோக்குவோம். மாணவன் பிழைபடப் பேசினால் ஆசிரியர் அதே தொடரைத் திருத்தமாகத் தாம் ஒருமுறை சொல்லிவிட்டு மேற்செல்வது வழக்கம். இதனால் பயன் உண்டா? கனடாவின் மான்ட்ரியல் பகுதியில், பிரெஞ்சு மொழிவழியே பாடம் கேட்கும் வகுப்புகளின் பதிவுகளை ராய் லிஸ்டர், லைலா ரான்டா ஆகிய இருவரும் ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆசிரியர்கள் பிழையைச் சுட்டிய இடங்களுள் நூற்றுக்கு 55 இவ்வாறு தாமே திருத்திச் சொல்லியவை. அவற்றுள் நூற்றுக்கு 31 இடங்களில்தான் மாணவரிடமிருந்து ஏதேனும் மறுமொழி எழுந்தது. ஆசிரியர் திருத்தத்தைக் கூறாது, மாணவரே விடையைக் காணுமாறு தூண்டிய இடங்களிலோ, ஒவ்வொரு முறையும் மாணவர் மீண்டும் முயன்றனர். பேசியவரே திருத்திக்கொள்ள வழிவிடுதல் அன்றாட உரையாடலின் இயல்பு என்று முன்னர்க் கண்டது இங்கும் பொருந்தி வருதலைக் காணலாம்.

கற்பவரின் கவனமும் இன்றியமையாதது. ரிச்சர்டு ஷ்மிட் என்னும் மொழியியல் அறிஞர் ஐந்து திங்கள் பிரேசில் நாட்டில் வாழ்ந்து போர்த்துக்கீசிய மொழியைக் கற்றார். நாள்தோறும் குறிப்பேடு எழுதினார். தம் பேச்சைப் பதிவும் செய்தார். சில்வியா ஃப்ரோட்டா என்பாருடன் சேர்ந்து அவற்றை ஒப்பிட்டு 1986ஆம் ஆண்டில் வெளியிட்டார். வகுப்பில் கற்பித்தமையால் மட்டும் ஒரு வடிவம் அவர் நாவில் வந்து அமரவில்லை. பிறர் பேச்சில் அதனைக் கேட்டு, “இஃது இங்கே இவ்வாறு வருகிறது” என்று கவனித்தவையே அவர் பேச்சிலும் இடம்பெற்றன. காதில் விழுவது வேறு. கருத்தில் பதிவது வேறு என்பதை அக்குறிப்பேடு விளக்கிற்று.

இவ்வாராய்ச்சிகள் அறிவுக்கு விருந்தாவதோடு நில்லாமல் எளியோர் வாழ்விலும் துணைபுரிந்துள்ளன. செருமனியில் 1922ஆம் ஆண்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய ஜான் கம்பர்ஸ் என்னும் அறிஞர், 1950களில் வட இந்தியச் சிற்றூர் ஒன்றில் தங்கி மக்களின் பேச்சை ஆராய்ந்தவர். பின்னாளில் அவர் பிரிட்டனில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைத் தம் நூலொன்றில் 1982ஆம் ஆண்டில் எழுதியுள்ளார். பெரிய விமான நிலையம் ஒன்றின் பணியாளர் உணவுக்கூடத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்கு அமர்ந்தனர். அவர்கள் கடுகடுப்பானவர்கள், ஒத்துழையாதவர்கள் என்று மேற்பார்வையாளரும் உண்ண வந்த தொழிலாளரும் குறை கூறினர். அப்பெண்களோ தாங்கள் அயல்நாட்டார் என்பதாலேயே வெறுக்கப்படுவதாக எண்ணி மனம் நொந்தனர்.

அங்கே இருதரத்தாரிடையே நடந்த பேச்சு மிகச் சிறிது, சில சொற்களே. அவற்றைப் பதிவு செய்து கேட்டபோது உண்மை புலனாயிற்று. இறைச்சி உணவு பெறுவோரிடம், அதன்மேல் ஊற்றும் ‘கிரேவி’ என்னும் குழம்பு வேண்டுமா என்று கேட்பது வழக்கம். ஆங்கிலப் பெண்கள் “கிரேவி?” என்று குரலை உயர்த்தி முடிப்பர், அது வினாவாக ஒலிக்கும். ஆசியப் பெண்கள் அதே சொல்லைக் குரல் தாழ்த்தி முடித்தனர். ஆங்கிலேயர் செவிக்கு அது, “இது கிரேவி; வேண்டுமானால் எடுத்துக்கொள்” என்பதுபோல் பட்டது. தட்டில் இருப்பது யாதென அறிந்தவரிடம் அதன் பெயரைச் சொல்வது வேண்டாத செயல் அன்றோ? ஆகவே அது துடுக்குத்தனமாகத் தோன்றிற்று. அப்பெண்கள் பழகிய முறையிலோ, அத்தகைய வினா தாழ்ந்த குரலிலேயே முடிவது இயல்பு. அதில் அவமதிப்பு அணுவளவும் இல்லை.

பதிவை முதலில் கேட்டபோது அப்பெண்களுக்கு வேறுபாடு ஒன்றும் தோன்றவில்லை. ஆங்கில ஆசிரியையும் மேற்பார்வையாளரும் விளக்கிய பின்னரே, தங்களை ஏன் பிறர் முகஞ்சுளித்து நோக்கினர் என்பது அவர்களுக்கு விளங்கிற்று. ஆங்கிலேயர் பேச்சில் தங்களுக்கு விந்தையாகத் தோன்றிய குரல் அசைவுகளையும் அவர்கள் தாமாகவே நினைவுகூர்ந்தனர். மேற்பார்வையாளரும் அப்பெண்களிடம் குற்றமில்லை என்பதை அறிந்தனர். இருதரத்தாரும் கூடியிருந்து சிலமுறை கலந்துரையாடிய பின், பணியிலும் உறவிலும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. ஒரு சொல்லின் இறுதியில் குரல் உயர்வதோ தாழ்வதோ மனிதரிடையே பகையை மூட்ட வல்லது. அதனை உணர்ந்த அறிவோ அப்பகையை அணைக்க வல்லது. தங்களால் கற்க இயலும் என்னும் நம்பிக்கையும் அப்பெண்களுக்கு மீண்டும் வந்தது.

இந்நிகழ்ச்சி மற்றோர் உண்மையையும் கற்பிக்கிறது. உரையாடல் இருவர் சேர்ந்து இழுக்கும் தேர். அது நிலைகுத்தி நின்றால், பழியை ஒருவர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. ஆலன் ஃபர்த், யோஹன்னஸ் வாக்னர் ஆகிய இருவரும் 1997ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், இரண்டாம் மொழி பேசுபவரை எப்போதும் குறையுடையவராகவே காண்பதை மறுத்தனர். தம்மிடம் உள்ள சிறிதளவு மொழியைக் கொண்டே அவர் வாணிகம் பேசுகிறார், நட்புக் கொள்கிறார், நகைச்சுவையும் செய்கிறார், அத்திறமையும் ஆராயத்தக்கது என்றனர். இக்கருத்தின் வழியே புதிய பயிற்சி முறைகளும் தோன்றின. ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரெய்க்யவிக்கில், அயல்நாட்டார் கடைகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் ஐஸ்லாந்து மொழியில் பேசத் தொடங்கினால், விடை ஆங்கிலத்தில் வருவது உண்டு. இதனை மாற்ற, அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மொழி கற்போருக்காகச் சில கடையினர் ஐஸ்லாந்து மொழியிலேயே பொறுமையுடன் பேச உடன்பட்டனர். ஊரே வகுப்பறையாயிற்று, ரொட்டி விற்பவரும் ஆசிரியரானார்.

வேற்று மொழி பேசும் ஒருவர் பக்கத்து இருக்கையில் வந்து அமர்வது இக்காலப் பள்ளிகளிலும் பணியிடங்களிலும் புதிதன்று. அவர் தயங்கிப் பேசும்போது ஒரு நொடி பொறுத்திருத்தலும், விளங்காதபோது இன்முகத்துடன் மீண்டும் கேட்டலும், பிழையைக் கண்டு நகையாது அவரே திருத்திக்கொள்ள வழிவிடுதலும் செலவில்லாத உதவிகள். புதிய மொழியைக் கற்க விழைபவரும், பிழை நேருமோ என்று அஞ்சி வாய் மூடியிராமல், கேட்டும் கவனித்தும் பேசியும் பழகுதல் வேண்டும். நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆகவேண்டும். கரையில் நிற்பவன் அவனுக்குக் கை கொடுக்கவும் வேண்டும்.